கேட்ட பிறகு மூளையில் நடப்பது



பறவைகளின் மூளையைப் பற்றி மலாக்காவில், தமிழில் ஒரு கருத்தரங்கம் நடக்கிறது. இதற்குத் தலைமை ஏற்பதை என் பேறாகக் கருதுகிறேன். நான் ஜாசின் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில் பிறந்தவன். விடியுமுன் பெரட்டுக்குப் போகும் அம்மாவோடு நடக்கையில், லயத்துக் கூரை முகட்டில் ஒரு குண்டுக்கரிச்சான் வாலைத் தூக்கித் தூக்கிப் பாடிக்கொண்டிருக்கும். மலாய்க்காரர்கள் அதை முராய் என்பார்கள். பால்வாளிச் சத்தத்துக்கு நடுவிலும் அந்தப் பாட்டு தனியாகக் கேட்கும். அது யாரிடம் கற்ற பாட்டு என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இன்று நாம் கூடியிருப்பது அந்தக் கேள்விக்காகத்தான்.

நம் கவிதை மரபில் பாட்டுக்குக் குயில், கரைச்சலுக்குக் காகம். உயிரியல் இதை அப்படியே மாற்றிப் போடுகிறது. காக்கைக் கூட்டில் பொரிந்து, காக்கை ஊட்டி வளரும் குயில் குஞ்சு, வளர்ந்த பின் காக்கையைப் போலக் கரைவதில்லை, குயிலாகவே கூவுகிறது. அதன் கூவல் பிறவியிலேயே வந்தது, கற்றதன்று. காகமோ குண்டுக்கரிச்சானைப் போலவே பாடும்பறவைக் குலத்தைச் சேர்ந்தது. அந்தக் குலம் ஒலியைக் கேட்டுக் கற்கும் குலம். 1890களில் காப்பித் தோட்டங்களில் புழுக்களை ஒழிப்பதற்காக இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்த வீட்டுக்காக இனத்தின் மூளையை, ஹரியானாவின் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். நம் முன்னோர் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய காலத்தில் அதுவும் இந்த மண்ணுக்கு வந்தது.

பாட்டுக் கற்றலைப் பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவின் ஜீப்ரா ஃபிஞ்ச் என்ற சிறு குருவியிடமிருந்து வந்தது. பறவைக் கடைகளில் சிவந்த அலகோடு பார்த்திருப்பீர்கள். அதில் ஆண் மட்டுமே பாடும். பொரிந்து ஏறக்குறைய 25ஆம் நாள் முதல் 65ஆம் நாள் வரை குஞ்சு தந்தையின் பாட்டைக் கேட்டு மனத்தில் பதிக்கிறது. இடையிலேயே மழலையாக முணுமுணுக்கத் தொடங்கும். சுமார் 90 நாளில் பாட்டு இறுகிவிடும். பிறகு ஆயுள் முழுதும் அதே பாட்டுதான்.

இங்கேதான் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் வருகிறது. பெண்ணின் சூலகத்தில் சுரப்பது என்றே பள்ளியில் படித்தோம். மூளையும் அதைத் தானே தயாரிக்கிறது. அரோமடேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டீரோனை எஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. மார்பகப் புற்றுநோய்க்கு மருத்துவர்கள் தரும் சில மாத்திரைகள் தடுப்பது இந்த நொதியைத்தான். பாடும்பறவையின் மூளையில், பாட்டைக் கேட்டு உணரும் பகுதியில் இது மிகுதி. 2008இல் லூக் ரெமேஜ்-ஹீலி, பார்னி ஷ்லிங்கர் குழுவினர் அந்தப் பகுதியில் நுண்குழாய் செருகி, அரை மணிக்கு ஒருமுறை சொட்டு நீர் எடுத்து அளந்தார்கள். வளர்ந்த ஆண் பறவை இன்னொன்றின் பாட்டைக் கேட்கும்போதே எஸ்ட்ரடையால் ஏறியது. இரத்தத்தின் வழி மெல்ல வேலை செய்வது ஹார்மோன் என்ற பழைய பாடம் அங்கே போதாமல் போயிற்று.

என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது 2015இல் வந்த ஆய்வு. ரெமேஜ்-ஹீலி குழுவினர் அதே அளவீட்டை இளம் பறவைகளில் செய்தார்கள். பாட்டு ஒலிக்கும்போது அளவு ஏறவில்லை. பாட்டு நின்ற பிறகுதான் ஏறியது. ஆசிரியர் சொல்லி முடித்து வகுப்பு அமைதியான பிறகு குஞ்சின் மூளை பாடத்தைப் பதித்துக்கொள்கிறது என்று அவர்கள் கருதினார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். ஒருநாளும் பாடப்போகாத பெண் குஞ்சிலும் அது ஏறியது. அவளும் கேட்கிறாள், அவளும் நினைவில் வைக்கிறாள். பாடுவதைக் கொண்டு மட்டுமே கற்றலை அளந்தவர்கள் அவளைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அது பெரும் பிழை என்பது என் துணிபு.

அப்படியானால் இந்தச் சுரப்பைத் தடுத்தால் பாட்டு கெடுமா? 2020இல் டேனியல் வஹாபாவும் ரெமேஜ்-ஹீலியும் தடுத்துப் பார்த்தார்கள். குஞ்சுகள் வளர்ந்து, கேட்ட பாட்டை மற்றவை போலவே பாடின. மாறியது, அந்தப் பாட்டுக்கு மூளை நரம்பணுக்கள் காட்டிய பதில். எதிர்பார்த்தபடி வராத இந்த முடிவை மறைக்காமல் அச்சிட்டார்களே, அதை நம் மாணவர்கள் முதலில் கற்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் இல்லையேல் பாட்டில்லை என்று எழுதுவது எளிது. அது உண்மையன்று. நினைவு எந்த வடிவில் தங்குகிறது என்பதில்தான் அதற்குப் பங்கு தெரிகிறது.

கேட்டுக் கற்க ஓர் ஆசான் வேண்டும் என்பதில் மட்டும் ஐயமில்லை. பறவை அருகினால் அந்த ஆசானும் அருகிவிடுகிறான். பக்கத்துச் சிங்கப்பூரில் 1970களில் குண்டுக்கரிச்சான் ஏறக்குறைய அற்றுப்போனது. கூண்டுக்காகப் பிடித்தது ஒரு முக்கியக் காரணம். ஆஸ்திரேலியாவில் ரீஜென்ட் ஹனிஈட்டர் என்ற பறவை அருகிவிட்டதால், கற்றுத்தரப் பெரியவை இல்லாமல் ஆண்களில் 12 விழுக்காடு தம் இனத்துப் பாட்டையே பாட இயலாமல் வேற்றினப் பாட்டைப் பாடுவதாக 2021இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். அலோர் காஜாவிலும் மெர்லிமாவிலும் செம்பனைக்கு நடுவே எஞ்சி நிற்கும் லயங்களில் கரிச்சான் இன்னும் பாடுகிறது. உங்கள் மாணவர்களிடம் கைப்பேசியைக் கொடுத்து, விடியற்காலையில் அந்தப் பாட்டைப் பதியச் சொல்லுங்கள். ஊர், நாள், நேரம் மூன்றையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கூட்டிலிருந்து குஞ்சை எடுத்து விற்பவரைக் கண்டால் வாங்காதீர்கள்.

முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.