பிரிவும் பிரிவினையும்

பிரிவு, பிரிவினை என்னும் இரு சொற்களும் 'பிரி' என்னும் ஒரே வினையடியிற் பிறந்தவை. அகப்பொருளில் பிரிவு பாலைத் திணைக்கு உரியது. பொருள் தேடப் பிரிந்த தலைவன் மீள்வான் என்னும் நம்பிக்கையும் அதில் அடங்கும். அச்சொல்லே இன்று சட்டத்தின் உட்கூற்றையும் அலுவலகத்தின் பகுதியையும் உணர்ச்சியின்றிக் குறிக்கின்றது.

பிரிவினையோ பங்கிடுதல். 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம், 1905-இன் வங்கப் பிரிவினை, 1947-இன் நாட்டுப் பிரிவினை ஆகிய மூன்றையும் ஆங்கிலமும் 'பார்ட்டிஷன்' என்னும் ஒரே சொல்லாற் சுட்டும். ஆனால், பாகப்பிரிவினைப் பத்திரத்தில் பங்காளிகள் கையொப்பமிடுவர்; 1947-இல் எல்லை கடந்த இலட்சக்கணக்கான மக்களிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. அவர்களுட் பெரும்பாலோர் பிறந்த ஊருக்கு மீளவும் இல்லை.

நாடு கண்டது பிரிவினை. மக்கள் உற்றது பிரிவு. இவ்வேறுபாட்டை மொழிபெயர்ப்போர் மறத்தலாகாது.