பறைக்கும் மேடை வேண்டும்

பஞ்சாயத்து உறுப்பினர்களே, விவசாயப் பெருமக்களே!

தீ மூட்டித் தோலைக் காய்ச்சி, அடிகுச்சியும் சுண்டுகுச்சியும் கொண்டு பறை முழக்குவோர் இல்லாமல், நம் செந்துறைப் பக்கத்தில் மாரியம்மன் திருவிழா சிறக்குமோ? ஆயினும், ஒலிபெருக்கிக்காரருக்கு முன்பணம் தரும் நாம், விடியும்வரை உழைத்த கலைஞரிடம் பேரம் பேசுகிறோம். பறை இழவு வீட்டுக்கே உரியது, அதனை முழக்குதல் ஒரு சாதியாரின் கடமை என்னும் தவறான எண்ணமே இதற்கு வேர்.

மதுரை மாவட்டம் அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது. நாடு போற்றும் கலையை ஊர் இழிவாக நோக்குதல் தகுமோ?

நாம் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, விழாவுக்கு முன்பே ஊதியத்தைப் பேசி எழுதி வைத்தல். இரண்டாவது, 2007ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் ஊர்க் கலைஞர்களைப் பதிவு செய்வித்தல். பிள்ளைகளின் கல்விக்கும் திருமணத்துக்கும் விபத்து, மரணக் காலங்களிலும் உதவித்தொகை பெற இப்பதிவு வேண்டும். மூன்றாவது, பறையைத் தெருவோரத்தில் நிறுத்தாது மேடையேற்றுதல்.

கதிர் அறுத்தவருக்குக் கூலி அளக்கத் தவறாத நாம், இரவெல்லாம் முழக்கியவருக்கும் அவ்வாறே அளப்போமாக.