பந்து உருட்டும் தேனீ



மிருகங்கள் மனித வித்தை பயில்வதென்றால், தெஹிவளையில் ஆடிய யானைகளே நமக்கு ஞாபகம். அது பாகனுக்காக ஆடிய ஆட்டம்.

லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தார், குளிர்நாட்டுப் பருத்த தேனீக்களைச் சிறு பந்தொன்றை உரிய இடத்துக்கு நகர்த்தப் பழக்கிய செய்தி 2017இல் வந்தது. கூலி, சீனித்தண்ணீர். ஒன்று செய்வதைப் பார்த்தே மற்றதும் கற்றது. அதிலும் தூரத்துப் பந்தை விட்டுக் கிட்டத்துப் பந்தை உருட்டியது. இந்தப் புத்தி நம்மில் எத்தனை பேருக்கு வரும்!

2022இல் சமதி கல்பாயகே முதலானோர் வெளியிட்ட ஆய்வில் கூலியே இல்லை. தீனிக்குப் போகும் வழியோரம் மரப்பந்துகள் கிடந்தன. உருட்டினால் எதுவும் கிடையாது. ஆனாலும் உருட்டின. 45 தேனீக்களில் ஒன்று 117 தடவை! இளசுகளே கூடுதலாக உருட்டின. அஸருக்குப் பின் கல்முனைக் கடற்கரையில் பந்தடிக்கும் பொடியன்மாருக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்?

திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயத்தின் பெயர் 'அந்நஹ்ல்', தேனீ. ஓதுகிறோம், தேனை மருந்தென்கிறோம். அது விளையாடும் என்று நினைத்தோமா? வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து, அறக்கொட்டி எது, தேனீ எது என்று பார்ப்பதில்லை. விவசாயச் சகோதரர்களே, வரும் போகத்தில் காலையில் தேனீ பறக்கும் நேரம் மருந்தடிக்க வேண்டாம். அந்திக்குத் தள்ளி வையுங்கள்.