தோட்டத்துப் பெண்களின் கர்னல்



பத்தாங் பெர்சுந்தை, ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கம் வளர்ந்த நாம் அடிக்கடி கேட்ட பேச்சு ஒன்று உண்டு. "நாம தோட்டத்து ஆளுங்க, நமக்கு என்ன தெரியும்?" அது பொய் என்பதற்கு ஓர் இராணுவ அதிகாரியின் வாழ்க்கை சாட்சி சொல்கிறது.

டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் 1914-இல் சென்னையில் பிறந்தவர். 1938-இல் மருத்துவம் முடித்தார். 1940-இல் சிங்கப்பூர் வந்து ஏழைத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தார்.

1941-இல் இங்கே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் மக்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்குத் தரும் கூலியை எங்களுக்கும் கொடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லாதே, எங்கள் பெண்களைத் தொந்தரவு செய்யாதே என்றுதான் கேட்டார்கள். வெள்ளைக்கார அரசு துப்பாக்கியால் பதில் சொன்னது. அந்தக் காயம் ஆறவில்லை.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். பெண்கள் படைக்குத் தலைமை ஏற்க லட்சுமியை அழைத்தார். அக்டோபர் 22-இல் ஜான்சி ராணி படையின் முகாம் திறக்கப்பட்டது. யார் சேர்ந்தார்கள் தெரியுமா? படித்த வீட்டுப் பெண்கள் சிலர். மற்றபடி பெரும்பாலோர் மலாயாத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள். இந்தியாவையே பார்த்திராதவர்கள் பலர். விடியற்காலை பிரட்டுக் களத்தில் தலைகுனிந்து நின்றவர்கள், இங்கே ரைபிளோடு நிமிர்ந்து நின்றார்கள். கோலாலம்பூரில் பிறந்த ஜானகி அந்தப் படையின் துணைத் தலைவியானார். பின்னாளில் நம் நாட்டு மேலவையிலும் அமர்ந்தார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தப் படைக்குத் துணை நின்ற அதே ஜப்பான்காரன்தான் நம் ஆண்களைச் சயாம் மரண ரயிலுக்குப் பிடித்துப் போனான். இரண்டும் நம் கதைதான். இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

லட்சுமி 1945-இல் பர்மாவில் பிடிபட்டார், 1946-இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். கர்னல் பதவி வகித்தும் மக்கள் கடைசிவரை 'கேப்டன் லட்சுமி' என்றே அழைத்தார்கள். பதவியைச் சொல்லிக்கொண்டு வீட்டில் உட்காரவில்லை. கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். 1984-இல் விஷவாயு தாக்கிய போபாலுக்குப் போனார். 2002-இல், 87 வயதில், குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். 2012-இல் 97 வயதில் மறைந்தார். உடலையும் மருத்துவக் கல்லூரிக்கே கொடுத்தார்.

அவர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. அவருக்குப் பின்னால் நடந்த தோட்டத்துப் பெண்களின் பெயர் எங்கே?

உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய படம், காகிதம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். பெரியவர்களிடம் கேட்டு, பாட்டியின் பெயர், தோட்டத்தின் பெயர், ஆண்டு எழுதி வையுங்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வருகிறது. லயம் இடியும்போது எழுதாத பெயரும் மண்ணோடு போய்விடும். வீடும் கூலியும் அடையாள அட்டையும் கேட்கப் போகும் நாளில், "நாங்கள் நேற்று வந்தவர்கள் இல்லை" என்று சொல்ல அந்தப் பெயர்கள் வேண்டும்.

கூட்டத்தில் பின்வரிசையில் உட்காரும் அக்காமார்களே, தங்கைகளே, முன்னால் வாருங்கள். உங்கள் பாட்டிமார் முன்னால் நடந்தவர்கள்.