பூமியின் வெப்பமும் நமது கடமையும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பூமி வெப்பமடைகின்றது என்னும் செய்தியை நாம் பத்திரிகைகளிலும் வானொலியிலும் அடிக்கடி கேட்கின்றோம். கேட்டுவிட்டு, "இது பெரிய தேசங்களின் விஷயம், கிளிவெட்டி வயற்காரனுக்கு இதிலே என்ன வேலை?" என்று எழுந்து போய்விடுகின்றோம். நமக்கு இதிலே வேலை உண்டு. அந்த வேலை எது என்பதை எடுத்துச் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் காரணத்தை அறிந்துகொள்வோம். காற்று மண்டலத்திலே கரியமிலவாயு என ஒன்று உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதனைக் காபனீரொட்சைட்டு என்று படிக்கின்றார்கள். அது சூரிய ஒளியைத் தடுப்பதில்லை. ஆனால், ஒளிபட்டுச் சூடேறிய பூமி திருப்பி விடுகின்ற வெப்பத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கின்றது. மார்கழிப் பனியில் நாம் போர்த்திக்கொள்ளும் போர்வை போன்றது அது. அளவான போர்வை நன்மையே. அது இல்லாவிடின் பூமி உறைந்து கிடக்கும். போர்வைமேற் போர்வையாக அடுக்கினால் என்ன ஆகும்?

அப்படித்தான் அடுக்கிக்கொண்டிருக்கின்றோம். கோடிக்கணக்கான வருஷங்களாக மண்ணுக்குள் புதைந்திருந்த நிலக்கரியையும் எண்ணெயையும் எடுத்து, இருநூறு முந்நூறு வருஷங்களுக்குள் எரித்துவிட்டோம். இயந்திரத் தொழில்கள் பெருகுவதற்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் கரியமிலவாயு 280 பங்கு இருந்தது. இன்று அது 420 பங்கையும் கடந்துவிட்டது. இவ்வாயு பெருகினால் பூமி சூடேறும் என்று சுவீடன் தேசத்து விஞ்ஞானி அரேனியஸ் 1896ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுச் சொன்னார். 1958 முதல் ஹவாய்த் தீவின் மௌனலோவா மலைமீது அதனை அளந்து வருகின்றார்கள். கணக்கு வருஷந்தோறும் ஏறியே வருகின்றது. 2024ஆம் ஆண்டு, பழைய காலத்தைவிட உலகம் ஏறத்தாழ ஒன்றரைப் பாகை அதிகமாகச் சூடேறிய ஆண்டாயிற்று.

"ஒன்றரைப் பாகை ஒரு பெரிய சூடா?" என்று சிலர் கேட்கலாம். காற்று ஒரு பாகை சூடேறினால், அது தாங்கக்கூடிய நீராவி நூற்றுக்கு ஏழு பங்கு கூடுகின்றது. அந்த நீர் ஒருநாள் மழையாக இறங்கியே தீரும். மழை பல நாட்களிற் பரவிப் பெய்யாமல், சில நாட்களிற் கொட்டித் தீர்த்துவிடுகின்றது. மற்ற நாட்களில் வெயில் மண்ணை மேலும் காய்ச்சுகின்றது. வயலை நம்பி வாழும் நமக்கு இரண்டும் துன்பமே.

2025 நவம்பர் மாத இறுதியில் வந்த டித்வா புயலை நாம் யாவரும் அறிவோம். இலங்கை முழுவதிலும் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாவிலாற்றுக் கட்டு உடைந்தது, மகாவலி பெருக்கெடுத்தது, மூதூர், வெருகல், சேருவிலப் பகுதிகளிலே வெள்ளம் புகுந்தது. அந்தப் புயலை முழுவதும் பூமி வெப்பத்தின் தலையிற் சுமத்துவது நியாயமன்று. 1964ஆம் ஆண்டுச் சூறாவளியும் 1978ஆம் ஆண்டுச் சூறாவளியும் இங்குள்ள மூத்தோர் நினைவில் இன்னும் இருக்கின்றன. புயல்கள் முன்னும் வந்தன. ஆனால், சூடேறிய கடலின்மேல் வரும் புயல் அதிக நீரைச் சுமந்து வருகின்றது. ஆபத்து அங்கேதான் இருக்கின்றது.

இனி, இதற்கு யார் காரணர் என்ற கேள்வி எழும். நம் நாட்டிலே ஆளொன்றுக்கு வருஷத்தில் ஏறத்தாழ ஒரு தொன் கரியமிலவாயுவே வெளிப்படுகின்றது. உலகச் சராசரி நான்கு தொன்னுக்கு மேல். அமெரிக்காவிலோ பதினான்கு தொன் அளவில். ஆகவே, பெரும் பழி நம்முடையதன்று. பெரிய தேசங்களே முதலிற் குறைக்கவேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு, கேட்கவும் வேண்டும். ஆயினும், அவர்கள் திருந்தும்வரை நாம் கைகட்டி நிற்போமாயின், வெள்ளத்தில் மூழ்குவது நமது வயலே.

சிறிய ஊரார் என்ன செய்துவிட முடியும் என்று ஐயுறுவோர் அயலிலுள்ள சம்பூரைப் பார்க்கட்டும். 2006ஆம் ஆண்டில் யுத்தத்தினால் சம்பூர் மக்கள் தம் ஊரைவிட்டு வெளியேறினர். அவர்களிற் பல குடும்பங்கள் நமது கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமிலே, தகரக் கொட்டகைகளில், வருஷக்கணக்காக வாழ்ந்தன. அவர்கள் ஊரில் இல்லாத அந்த வருஷ முடிவிலேயே, அங்கே 500 மெகாவாற்று அனல்மின் நிலையம் ஒன்றைக் கட்டுவதற்கு இலங்கை அரசாங்கமும், மின்சார சபையும், இந்தியாவின் தேசிய அனல்மின் கூட்டுத்தாபனமும் உடன்படிக்கை செய்துகொண்டன.

நிலக்கரியினால் ஒரு யூனிற்று மின்சாரம் எடுக்க ஏறத்தாழ ஒரு கிலோ கரியமிலவாயு வெளிவரும். 500 மெகாவாற்று நிலையம் ஒருநாள் முழுவதும் ஓடினால் 120 இலட்சம் யூனிற்று கிடைக்கும். அதாவது, நாளொன்றுக்குப் பன்னிரண்டாயிரம் தொன் அளவு வாயு நம் தலைக்குமேல் சேர்ந்திருக்கும். சாம்பலும், கொட்டியாரக்குடாவுக்குள் விடப்படும் சுடுநீரும் வேறு.

2015இல் காணிகள் விடுவிக்கப்பட்டு மக்கள் திரும்பத் தொடங்கினர். வீடு வாசல் அழிந்து, காடு மண்டிக் கிடந்த நிலத்துக்கு வந்தவர்கள், "எங்கள் கிணறும் கடலும் கெட்டுப்போக விடமாட்டோம்" என்று நின்றார்கள். சுற்றாடல் அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2016 செப்டெம்பர் மாதத்திலே, சம்பூரில் நிலக்கரி நிலையம் கட்டப்போவதில்லை என அரசாங்கம் உயர்நீதிமன்றத்தில் அறிவித்தது. முகாமிலே கிடந்து வந்த மக்களின் உறுதிக்கும் அதிலே பங்கு உண்டு என்பதை நம் இளைஞர்கள் மறத்தலாகாது.

அதே சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரிய மின் நிலையத்துக்கான வேலையை 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இலங்கை ஜனாதிபதியும் இந்தியப் பிரதமரும் கொழும்பிலிருந்தே தொடக்கி வைத்தனர். இது மகிழத்தக்கது. எனினும் இரண்டு விஷயங்களை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

ஒன்று, வெயில் பகலில் மாத்திரமே உண்டு. 120 மெகாவாற்றுச் சூரிய நிலையம் நாளொன்றுக்கு ஐந்து இலட்சம் யூனிற்று அளவே தரும். கைவிடப்பட்ட நிலக்கரி நிலையம் தந்திருக்கக்கூடியதில் இது இருபதில் ஒரு பங்களவு. இன்றும் நுரைச்சோலையில் 900 மெகாவாற்று அனல்மின் நிலையம் கரியை எரித்துக்கொண்டுதான் இருக்கின்றது. ஆகையால் புதிய மின்சாரத்தை ஆக்குவதுபோலவே, உள்ள மின்சாரத்தை வீணாக்காதிருப்பதும் பெரிய காரியமாகும்.

மற்றது, வெயிலைப் பிடிக்கவும் நிலம் வேண்டும். 2025இல் நமது மாவட்டத்தின் முத்துநகரிலே, தாம் பயிரிட்டு வந்த வயல்கள் சூரிய மின் திட்டத்துக்குப் போவதை எதிர்த்து விவசாயிகள் போராடினர். புகையில்லாத மின்சாரமும் ஏழையின் வயலைப் பறித்து வருமாயின் அது நன்மையாகாது. வீட்டுக் கூரை, பள்ளிக்கூடக் கூரை, நெற்களஞ்சியக் கூரை, பயிர் விளையாத தரிசு ஆகியவை முதலில் பயன்படட்டும் என்று நாம் கேட்கவேண்டும்.

இனி, நம் கைக்குள் இருப்பவற்றைப் பார்ப்போம்.

முதலாவது, நமது வயல். இதைச் சொன்னால் பெரியோர் சிலர் வியப்படையலாம். எப்பொழுதும் நீர் நிற்கும் வயற்சேற்றிலே காற்றுப் புகாது. அங்கே மக்கும் வைக்கோலிலிருந்தும் வேரிலிருந்தும் மெதேன் என்னும் வாயு உண்டாகின்றது. நூறு வருஷக் கணக்கிற் பார்த்தால் அது கரியமிலவாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடிப்பது. இதற்குப் பரிகாரம், வயலை இடையிடையே காயவிட்டுப் பின் நீர் பாய்ச்சுதல். ஓரடி நீளக் குழாய்த் துண்டொன்றின் கீழ்ப்பாதியில் துளைகள் இட்டு, அதனை வயலிற் பாதி புதைத்து வைக்கவேண்டும். குழாய்க்குள் நீர் மண்மட்டத்துக்குக் கீழே ஆறு அங்குலம் இறங்கியதும் மறுபடி பாய்ச்சவேண்டும். இதனால் மெதேன் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் குறைகின்றது, நீரும் மீதமாகின்றது, முறையாகச் செய்தால் விளைவு குறைவதில்லை.

"நீர் நின்றால்தானே புல் அடங்கும்?" என்று பெரியோர் கேட்பது நியாயமே. ஆதலின் முதல் இரண்டு மூன்று கிழமைகளும், கதிர் பறிந்து பூக்கும் காலத்திலும் நீரைக் குறைக்கக் கூடாது. பெரும்போக மழையிலே இது முடியாது, சிறுபோகத்துக்கே பொருந்தும். இன்னொன்று: மேல்வயற்காரனின் வக்கடையாற் கீழ்வயலுக்கு நீர் போகும் இடத்திலே, ஒருவர் தனித்து இதைச் செய்ய இயலாது. பயிர்ச்செய்கைக் கூட்டத்திலே எல்லோரும் சேர்ந்து பேசி, முறை வைத்து நீர் விடவேண்டும். இளைஞரின் படிப்பும் முதியோரின் அனுபவமும் ஒன்றுகூட வேண்டிய இடம் இதுவே.

இரண்டாவது, வைக்கோல். சூடடித்தபின் வைக்கோலைக் கொளுத்திவிடும் வழக்கம் பெருகிவிட்டது. அதனை மாட்டுக்குக் கொடுக்கலாம், கூட்டெருவாக்கலாம். வேலியிலுள்ள கிளிசரியாத் தழையும் நல்ல பசளை. அதனால் யூரியாவைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். 2021இல் இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்தியபோது விவசாயி பட்ட பாட்டை நாம் கண்டோம். எதனையும் படிப்படியாகச் செய்தலே அறிவுடைமை.

மூன்றாவது, வீடும் கோயிலும். பழைய மின்குமிழை மாற்றி எல்.ஈ.டி. குமிழ் போட்டால் அதே வெளிச்சத்துக்கு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மின்சாரம் போதும். கடைத்தெருவுக்குப் போக மோட்டார்ச் சைக்கிள் எதற்கு? துவிச்சக்கரவண்டி இருக்கின்றது. திருவிழாக் காலத்தில் இரவு முழுவதும் எரியும் அலங்கார விளக்குகளைப் பூசை முடிந்தபின் அணைத்துவிடுவதனால் பக்தி குறைந்துவிடாது.

நான்காவது, மரம். வாய்க்கால் ஓரத்திலும் வீட்டு வளவிலும் மருதும் வேம்பும் நடலாம். கழிமுகக் கரையிலுள்ள கண்டற் காடுகளை வெட்டாமற் காக்கவேண்டும். அவை கரியைத் தம் சேற்றிலே நெடுங்காலம் புதைத்து வைப்பவை. அலையின் வேகத்தையும் குறைப்பவை. ஆனால் நட்டுப் படமெடுத்துவிட்டுப் போவது மரநடுகையன்று. மூன்று வருஷம் நீரூற்றிக் காப்பவனே மரம் நட்டவனாவான்.

அன்பர்களே! இவற்றையெல்லாம் செய்தால் அடுத்த புயல் வாராது என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பொய்யாகும். ஏற்கனவே ஏறிய சூடு உடனே இறங்காது. ஆகையால் வாய்க்கால்களைத் தூர்வாருவதும், குளக்கட்டுக்களைப் பழுதுபார்க்கும்படி அதிகாரிகளை வற்புறுத்துவதும், வெள்ள காலத்தில் முதியோரையும் குழந்தைகளையும் முன்கூட்டியே மேட்டுநிலத்துக்குக் கொண்டுசெல்ல வாலிபர் குழு அமைப்பதும் இதனோடு சேர்ந்த கடமைகளே. ஆனால், ஏறுகின்ற சூட்டை ஏறவிட்டுக்கொண்டே கட்டுக்களை உயர்த்திச் செல்வோமாயின், அதற்கு முடிவு இல்லை.

ஆகவே நம் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். வருகின்ற சிறுபோகத்தில், ஒரே வாய்க்காலிற் பாயும் சில வயல்களையாவது தேர்ந்து, இந்த நீர் முறையைச் சோதித்துப் பார்ப்போம். செலவையும் விளைவையும் இளைஞர்கள் கொப்பியில் எழுதட்டும். அறுவடை முடிந்தபின் பெரியோர்கள் பார்த்துத் தீர்ப்புச் சொல்லட்டும். நன்றாயின் பரப்புவோம்; குறையிருப்பின் திருத்துவோம்.

சம்பூரார் முகாமிலிருந்து திரும்பி வந்து தம் மண்ணைப் புகையிலிருந்து காத்தார்கள். வீட்டிலிருக்கும் நாம் ஒரு வாய்க்காலுக்கு முறை வைக்க மாட்டோமா? முடியும் என்ற நம்பிக்கையோடு அமர்கின்றோம்.