நெஞ்செரிச்சல் ஏன் வருகிறது?

(திருப்பத்தூர் வட்டாரத்தில் நடைபெற்ற பஞ்சாயத்து உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, கிணறு, பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பற்றியே வழக்கமாகப் பேசும் நான், இன்று நெஞ்செரிச்சலைப் பற்றிப் பேசுவது தங்களுக்கு வியப்பாயிருக்கலாம். உழைப்போரின் தேகம் நலமாயிருந்தால்தான் கிராம அபிவிருத்தி நடைபெறும். மேலும், இவ்வியாதியால் நானே பல்லாண்டுகள் அவதியுற்றவன். டாக்டர் சவரிராயன் ஜேசுதாசனும் டாக்டர் பாரஸ்டர் பேட்டனும் 1921ஆம் ஆண்டில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவி, ஏழை எளியவர்க்கு வைத்தியம் செய்த ஊர் இது. இங்கே ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசுவது புதிதன்று.

நம் இரைப்பையில் இயற்கையாகவே ஓர் அமிலம் சுரக்கிறது. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்பதை 1824ஆம் ஆண்டில் ஆங்கில வைத்தியர் வில்லியம் பிரௌட் எடுத்துக்காட்டினார். ஆகாரம் செரிக்கவும், கிருமிகள் மடியவும் அது அவசியம். இரைப்பையின் உட்புறம் அதைத் தாங்கும், உணவுக்குழல் தாங்காது. ஆதலால் இரண்டும் கூடுமிடத்தில் வளையம் போன்றதொரு தசை, ஏரி மதகைப் போல் காவல் நிற்கிறது. அது தளர்ந்து, அமிலம் மேலேறுவதையே நாம் எதுக்களித்தல் என்றும், புளித்த ஏப்பம் என்றும் கூறுகிறோம். பெரும்பாலோர்க்கு அமிலம் மிகுதியாகச் சுரப்பதில்லை. இருக்க வேண்டிய இடத்தை விட்டு ஏறுவதே குற்றம். மதகு பழுதானால் தண்ணீரைக் குறை கூறிப் பயனென்ன?

மதகு பழுதாகும் காரணங்கள் பல. வயிற்றில் கொழுப்புச் சேர்ந்தால் உள்ளழுத்தம் மிகும். கர்ப்பிணிகளுக்கும் அவ்வாறே. பீடி, சிகரெட், சாராயம் ஆகியவை அத்தசையைத் தளர்த்தும். எண்ணெயும் கொழுப்பும் மிகுந்த ஆகாரம் இரைப்பையில் நெடுநேரம் தங்கும். சிலருக்கு இரைப்பையின் மேற்பகுதியே உதரவிதானத்தின் வழியாக மார்புப் பக்கம் ஏறிவிடுவதுமுண்டு. இரத்த அழுத்தத்துக்குரிய மாத்திரைகளிற் சிலவும் தசையைத் தளர்த்தக்கூடும். அவற்றைத் தாமாக நிறுத்தலாகாது, வைத்தியரிடமே கேட்க வேண்டும். மிளகாய் புண்ணில் எரிச்சலூட்டுமேயன்றி, அதுவே மூலகாரணமன்று.

யாவற்றினும் நம் பகுதியில் பெரிய காரணம், வயிறு நிறைய உண்டவுடன் படுப்பது. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளுக்கு விடியலிற் செல்லும் சகோதரிகள் பகலில் அவசரமாக உண்டு, இரவு வெகுநேரங் கழித்தே நிதானமாக உண்கின்றனர். நானும் கூட்டங்கள் முடிந்து பத்து மணிக்கு மேல் உண்டு, உடனே உறங்கியவனே. படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்பே உண்ணத் தொடங்கினேன். கட்டிலின் தலைப்பக்கக் கால்களின்கீழ்ச் செங்கல் வைத்து ஆறு அங்குலம் உயர்த்தினேன். இடப்புறமாய்ப் படுத்தேன். சில வாரங்களிற் குணம் தெரிந்தது.

கடையில் மாத்திரை வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குவோர் பலர். மாத்திரை அமிலத்தைக் குறைக்கும், மதகைச் செப்பனிடாது. ஆப்பசோடா கரைத்துக் குடிப்பதும் நிவாரணமன்று. அதிலுள்ள உப்புச்சத்து இரத்த அழுத்தமுடையோர்க்குத் தீங்கு. வாரத்தில் இருமுறைக்கு மேல் எரிச்சல் வந்தாலும், விழுங்குவதில் தடை, உடல் மெலிவு, கறுத்த மலம், இரத்த வாந்தி இவற்றில் ஒன்று கண்டாலும், வைத்தியரிடம் காட்ட வேண்டும். பல்லாண்டு அமிலம் பட்ட குழலில் புண்ணும், அரிதாகப் புற்றுநோயும் தோன்றலாம்.

இறுதியாக ஒன்று. எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர், நெஞ்சு வலியை வாயு என்று கருதி, சோடா குடித்துவிட்டு இரவெல்லாம் படுத்திருந்தார். அது மாரடைப்பு என்பது விடிந்த பிறகே தெரிந்தது. அவரை இழந்தோம். நெஞ்சை அழுத்தும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி இவை கண்டால் ஒரு கணமும் தாமதியாமல் 108க்குச் சொல்லியனுப்புங்கள்.

உறுப்பினர்களே! இவற்றைத் தங்கள் வார்டில் வீடுதோறும் கூறுங்கள். ஓர் உயிர் பிழைத்தாலும் அதுவே பெரிய கிராம சேவையாகும்.