சக்கரப் பொருத்தம்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இம்மேடையில் இலக்கியம் பேசினார்கள், இசை பேசினார்கள். எனக்கு இட்ட பணியோ கார்ச் சக்கரத்தைப் பற்றிப் பேசுவது. "சக்கரத்தில் பேச என்ன இருக்கிறது? வட்டமாக இருந்தால் போதாதா?" என்று சிலர் புன்முறுவல் பூப்பது தெரிகிறது. வட்டமாக இருந்தால் மட்டும் போதாது என்பதை எங்கள் குடும்பம் அச்சத்தோடு கற்றுக்கொண்டது. அதைச் சொல்லவே வந்தேன்.

இம் மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகு மூட்டை ஏற்றிக் கைவண்டி இழுத்தும், வேலியில் துணி வெளுத்தும், கடைகளில் கணக்கெழுதியும் நம் முன்னோர் வாழ்ந்தனர். அவர்தம் பேரர் பலர் இன்று சொந்தக் கார் வைத்திருக்கின்றனர். பொங்கல், தீபாவளி என்றால் வாளையாறு வழியாகவோ ஆரியங்காவு வழியாகவோ ஊருக்குப் புறப்படுகிறோம். காரை அழகு செய்ய விரும்பும் இளைஞர் முதலில் நாடுவது அலாய் சக்கரத்தைத்தான். அதில் தவறில்லை.

என் தம்பி மகனும் அவ்வாறே விரும்பினான். அவனிடம் இருப்பது ஸ்விஃப்ட். யாரோ கழற்றி விற்ற ஹோண்டா சிட்டிச் சக்கரங்கள் நான்கு மலிவாகக் கிடைத்தன. "இரண்டுக்கும் நான்கு போல்ட், நூறு மில்லிமீட்டர். கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம்" என்றார் மாட்டிக் கொடுத்தவர்; கண்ணை மூடிக்கொண்டே மாட்டியும் விட்டார்!

பத்து நாள் கழிந்தது. பாலக்காட்டில் ஓர் உறவினர் திருமணம். காரில் எண்பது வயதைக் கடந்த என் தாயாரும் இருந்தார்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கியது. "சாலை சரியில்லை, பெரியப்பா" என்றான் அவன். ஆலத்தூரை நெருங்கும்போது 'டக் டக்' என்று ஓர் ஒலி கேட்டது. நிறுத்தச் சொன்னேன். அருகிலிருந்த மலையாள மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். முன்பக்க இடச் சக்கரத்தில் மூன்று நட்டுகள் விரலால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. பின் இருக்கையில் இருந்த என் தாயாரைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். அவன் தலை கவிழ்ந்தான்.

காரை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் சென்றோம். அன்று முகூர்த்தம் தவறியது, உயிர் தவறவில்லை.

அன்பர்களே! அந்தச் சக்கரமும் குற்றமற்றது, காரும் குற்றமற்றது. சேர்க்கையே குற்றம். நல்ல பையனும் நல்ல பெண்ணும் ஆயினும் பொருத்தம் பார்த்தே முடிக்கும் மரபினர் நாம். திருமணத்திற்குப் பத்துப் பொருத்தம் என்றால், சக்கரத்திற்கு ஐந்து பொருத்தமேனும் பார்க்க வேண்டும்.

முதலாவது, போல்ட் வட்டம். போல்ட்டுகளின் மையங்கள் வழியே செல்லும் வட்டத்தின் விட்டம் இது. ஸ்விஃப்டுக்கு 100 மி.மீ.; ஃபியட் புன்டோவுக்கு 98 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. 98-க்கு உரியதை 100-இல் வலிந்து முடுக்கினால் போல்ட் வளைந்து நிற்கும், ஒருநாள் முறியும்.

இரண்டாவது, நடுத்துளை. சக்கரத்தின் நடுத்துளை காரின் ஹப்பின் மேல் இறுகப் பொருந்தி, சக்கரத்தை மையத்தில் நிறுத்த வேண்டும். ஸ்விஃப்டின் அளவு 54.1 மி.மீ.; ஹோண்டா சிட்டியின் அளவு 56.1 மி.மீ. இடையே 2 மி.மீ. வெற்றிடம். ஸ்டியரிங் நடுங்கியதன் காரணம் இதுவே. அவ்விடத்தை நிரப்ப ஒரு சிறு வளையம் போதும், விலை சொற்பம். வடிவில் சிறிதென்று எதனையும் இகழலாகாது என்பதற்கு வள்ளுவர் பெருமான் தேரின் அச்சாணியைக் காட்டினார் அல்லவா? இவ்வளையமும் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

மூன்றாவது, நட்டின் இருக்கை. ஹோண்டாச் சக்கரத்தில் நட்டு அமரும் குழி உருண்டை வடிவம். ஸ்விஃப்டின் நட்டோ கூம்பு வடிவம். உருண்டைக் குழியில் கூம்பு அமர்ந்தால் மெல்லிய ஒரு கோட்டில் மட்டுமே தொடும். முடுக்கும்போது இறுகியதுபோல் இருக்கும். ஓட ஓடத் தளரும். எங்களைக் கவிழ்க்க இருந்தது இதுவே.

நான்காவது, சக்கரம் உள்ளே நிற்கிறதா, வெளியே துருத்துகிறதா என்பது. இதனை ஆஃப்செட் என்பர். சக்கரத்தின் பின்புறத்தில் 'ஈ.டி.' என்ற எழுத்துகளுடன் பொறித்திருக்கும். 45 இருந்த இடத்தில் 35 வந்தால் சக்கரம் 10 மி.மீ. வெளியே வரும். அகலம் ஓர் அங்குலம் கூடினால் இருபுறமும் 12.7 மி.மீ. வீதம் பெருகும். உள்ளே மிகுந்தால் சஸ்பென்ஷனில் உரசும். வெளியே மிகுந்தால் பேரிங் தேயும், மழைச்சேறு பிறர்மேல் தெறிக்கும்.

ஐந்தாவது, டயர் அளவும் சுமை தாங்கும் வலிமையும். ஸ்விஃப்டின் 165/80 ஆர்14 டயரின் மொத்த உயரம் ஏறத்தாழ 620 மி.மீ.; 185/65 ஆர்15-இன் உயரம் 621.5 மி.மீ.; 195/55 ஆர்16 போட்டாலும் 621 மி.மீ. ஆகவே ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. ஆனால் டயரின் பக்கச்சுவர் 132 மி.மீட்டரிலிருந்து 107 மி.மீட்டராகக் குறைந்துவிடும். ஆடி மழையில் தோப்பும்படியிலும் பள்ளுருத்தியிலும் நீர் மூடிய குழி எதுவென்று யாருக்குத் தெரியும்? குழியின் அடி ரப்பரில் விழாமல் ரிம்மில் விழும். மேலும், சக்கரம் எத்தனை கிலோ தாங்கும் என்னும் எண் அதன்மேல் இருக்கிறதா எனப் பாருங்கள். ஜப்பானியத் தர முத்திரையாகிய 'ஜே.டபிள்யூ.எல்.' இருப்பின் நன்று; போலி முத்திரையும் உண்டு ஆதலின் பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

மாட்டிய பின் நட்டுகளை எதிரெதிராக, கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்கச் செய்யுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள்.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. இக்கேரளத்திலிருந்தே சென்ற ஒரு வழக்கில், 2019 ஜனவரி 9-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. ஆகவே அதே மாதிரிக் காரின் உயர்ந்த வகைக்குத் தயாரிப்பாளரே தரும் அளவைத் தேர்வதே அறிவுடைமை. காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

முடிக்குமுன் ஒன்று. சக்கரங்கள் செய்யும் வீல்ஸ் இந்தியா, 1960-இல் சென்னைப் பாடியில் தோன்றியது. டயர் செய்யும் எம்.ஆர்.எஃப். நிறுவனமோ, கேரளத்து மாம்மன் மாப்பிள்ளை அவர்கள் 1946-இல் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது. அவர் அங்கே சென்றார். நாம் இங்கே வந்தோம். எவ்வூரில் வாழினும் பொருந்தி வாழ்ந்தால் ஓட்டம் சீராகும்.

என் தம்பி மகன் இதோ இரண்டாம் வரிசையில் இருக்கிறான். "என் கதையைச் சொல்லுங்கள் பெரியப்பா, இன்னொருவன் என்னைப்போல் செய்யாதிருக்கட்டும்" என்றவன் அவனே. இப்போது அவன் காரில் ஓடுபவை பழைய இரும்புச் சக்கரங்கள். அழகு சற்றுக் குறைவுதான். ஆனால் என் தாயார் மறுபடியும் அதில் ஏறுகிறார்கள்.